கறுப்பினத்தவர் நடத்துற சின்னக் கடைகளுக்கு நம்ம ஆர்டரும் நேரமும் காசும் ஒழுங்கா போய்ச் சேர: டர்ஹம் பக்கம் இருக்குறவங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நார்த் கரோலினாவுல கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ், டர்ஹம்னு இந்தப் பக்கம் இருக்குற நம்மாளுங்க நிறைய பேர் கேக்குற கேள்வி இது, "கறுப்பினத்தவர் நடத்துற கடைகளுக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கு, எங்க ஆரம்பிக்கறது?" 2020ல ஜார்ஜ் ஃபிளாய்ட்னு ஒரு கறுப்பினத்தவரை போலீஸ்காரர் கொன்னதுக்கு அப்புறம் எல்லாரும் ப்ரொஃபைல் படத்தை மாத்தினோம், பிளாக்-ஓன்ட், அதாவது கறுப்பினத்தவர் நடத்துற கடைங்க லிஸ்ட் வாட்ஸ்அப்ல பறந்துச்சு, கொஞ்ச நாள் கடைகள்ல கூட்டம் அள்ளுச்சு, அப்புறம் அந்தக் கூட்டம் அப்படியே வடிஞ்சிருச்சு. அந்தக் கூட்டத்தை நம்பி ஆள் எடுத்த, சரக்கு வாங்கிப் போட்ட கடைக்காரங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க.

அதனால நான் ஒரு வரிசை வெச்சிருக்கேன். முதல்ல ஆர்டர், அது திரும்பத் திரும்ப வரணும், பேமென்ட் சொன்ன தேதில போகணும். அடுத்தது நம்ம நேரம். நன்கொடை மூணாவதுதான். நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, 50 டாலர் டொனேட் பண்ணிட்டு கடமை முடிஞ்சதுன்னு போயிடறாங்க, ஆனா வருஷத்துக்கு 2000 டாலர் கேக்குக்கும் கேட்டரிங்குக்கும் செலவு பண்ற அதே குடும்பம் அதுல ஒரு ஆர்டர்கூட அந்தப் பக்கம் திருப்பறதில்ல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: இந்த ஊர்ல என்ன நடந்துச்சு

இதைத் தாண்டிப் போயிடாதீங்க, ஏன்னா இது தெரியாம செய்யுற உதவில ஒரு "பாவம்" தொனி வந்து ஒட்டிக்கும், அது யாருக்கும் பிடிக்காது.

டர்ஹம் டவுன்டவுன்ல பாரிஷ் ஸ்ட்ரீட்னு ஒரு தெரு. நூறு வருஷத்துக்கு முன்னாடி அதுக்கு பிளாக் வால் ஸ்ட்ரீட்னே பேரு. ஜான் மெரிக், டாக்டர் ஆரன் மூர் இவங்கல்லாம் சேர்ந்து 1898ல ஆரம்பிச்ச நார்த் கரோலினா மியூச்சுவல் இன்சூரன்ஸ் கம்பெனி நாட்டுலயே பெரிய கறுப்பின நிறுவனங்கள்ல ஒண்ணா வளர்ந்து நின்னது அங்கதான். மெரிக் அடிமையா பிறந்தவர், முடிதிருத்துற தொழில்ல முன்னுக்கு வந்தவர். 1908ல மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் பேங்க் கதவு திறந்துச்சு, வெள்ளைக்கார பேங்க் கடன் குடுக்காதவங்களுக்கு வீட்டுக்கும் கடைக்கும் கடன் குடுத்துச்சு. அந்த பேங்க் எம் அண்ட் எஃப் பேங்க்னு இன்னைக்கும் டர்ஹம்ல இருக்கு. தெற்குப் பக்கம் ஹேட்டி அப்படின்னு ஒரு பகுதி, சலூன், தையல்கடை, தியேட்டர், மருந்துக்கடை, ஹோட்டல், எல்லாம் கறுப்பினத்தவர் நடத்தினது.

1960கள்ல அர்பன் ரினியூவல்னு, பழைய பகுதிகளை இடிச்சுப் புதுசாக் கட்டற அரசாங்கத் திட்டம் வந்து ஹேட்டிய இடிச்சாங்க. மறுபடியும் கட்டித் தருவோம்னு சொன்னது பெருசா நடக்கல. இடம் போன கடைக்காரங்கள்ல சிலருக்கு தற்காலிகமா தகரக் கட்டடங்கள் குடுத்தாங்க, அந்த இடத்தை டின் சிட்டின்னே கூப்பிட்டாங்க. டர்ஹம்ல ஏறக்குறைய 500 வியாபாரங்களும் 4000 குடும்பங்களும் இடம் இழந்ததா கணக்கு சொல்றாங்க. ஹேட்டிக்கு குறுக்க டர்ஹம் ஃப்ரீவே வந்துச்சு, அதான் நம்ம 147. ஆர்டிபில, அதான் ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க்ல வேலை பார்த்துட்டு டர்ஹம் டவுன்டவுனுக்கு அந்த ரோட்ல சர்ருன்னு போறோமே, அந்த ரோடுக்குக் கீழதான் அவங்க கடைத்தெரு.

இதுக்கும் இன்னைக்கு ஒரு பேக்கரி ஆரம்பிக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? முதல் போடற பணம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. நம்ம ஊர்ல ஒருத்தர் கடை வைக்கணும்னா மாமா கிட்ட கைமாத்து, வீட்டம்மா நகை அடகு, சீட்டு எடுத்த காசு, இப்படித்தான் முதல் தேறும். அமெரிக்காவுல அந்த இடத்துல இருக்கறது வீட்டு மேல வாங்குற கடனும் அப்பா அம்மா குடுக்குற பணமும். வீடும் கடையும் இடிபட்ட, பேங்க் கடனே மறுக்கப்பட்ட குடும்பங்கள்ல அந்தப் பணம் அடுத்த தலைமுறைக்கு வரல. 2022 ஃபெடரல் ரிசர்வ் சர்வேல ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோட சொத்து மீடியன் கணக்குல, அதாவது வரிசைல நடுவுல நிக்கற குடும்பத்துக்கு, 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். ஆசியக் குடும்பங்களுக்கு 5,36,000 டாலர், இதையும் சேர்த்தே பாத்துக்கணும். நாட்டு ஜனத்தொகைல கறுப்பினத்தவர் 14 சதவீதம் பக்கம், ஆனா சம்பளத்துக்கு ஆள் வெச்சு நடத்துற நிறுவனங்கள்ல அவங்க கையில இருக்கறது 3 சதவீதம் சொச்சம்தான். 2020 கொரோனா வந்தப்ப பிப்ரவரிலிருந்து ஏப்ரலுக்குள்ள தொழில் நடத்திட்டிருந்த கறுப்பின முதலாளிகள் எண்ணிக்கை 41 சதவீதம் விழுந்துச்சு, வேற எந்தப் பிரிவுக்கும் அவ்வளவு அடி விழல.

இன்னொண்ணு. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் இந்த நாட்டுக்கு வர முடிஞ்சதே 1965 குடியேற்றச் சட்டத்தால. அந்தச் சட்டம் வந்தது சிவில் ரைட்ஸ் போராட்டம் உச்சத்துல இருந்த காலத்துல, அந்தப் போராட்டம் உண்டாக்கின சூழ்நிலைல. ரோட்டுல அடி வாங்கினது அவங்க, கதவு திறந்தது நமக்கும்தான். நான் இதை நன்றிக்கடனாத்தான் பாக்குறேன்.

படி 1: கடைங்களைக் கண்டுபிடிங்க

இது சுலபம். கூகுள் மேப்ஸ்லயும் யெல்ப்லயும் பிளாக்-ஓன்ட்னு கடைக்காரங்களே போட்டுக்கற அடையாளம் 2020லேர்ந்து இருக்கு. ஆனா நிறைய சின்னக் கடைங்க அதெல்லாம் போட்டிருக்க மாட்டாங்க, இன்ஸ்டாகிராம் மட்டும்தான் இருக்கும். அதனால சனிக்கிழமை மார்க்கெட்டுக்கு நேர்ல போங்க, ஃபயெட்வில் ஸ்ட்ரீட், ஹேட்டி ஹெரிடேஜ் சென்டர் பக்கம் நடக்குற விழாக்களுக்குப் போங்க, அடிமை முறை முடிஞ்சதைக் கொண்டாடற ஜூன் 19 ஜூன்டீன்த் அன்னைக்கு நடக்குற மார்க்கெட்ல ஒரே இடத்துல பல பேரைப் பாக்கலாம். நார்த் கரோலினா சென்ட்ரல் யூனிவர்சிட்டி, 1910ல ஆரம்பிச்ச கறுப்பினப் பல்கலைக்கழகம், அந்த வட்டாரத்துல சுத்தினாலே பாதி பேர் தெரிஞ்சிடுவாங்க.

பாத்தவுடனே ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்தி நாலு குரூப்ல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. பெரிய லிஸ்ட்டை யாரும் திறந்து பாக்கறதில்ல. உங்க வீட்டுச் செலவை எடுத்து வெச்சுக்கிட்டு எந்த எந்தச் செலவை மாத்த முடியும்னு பாருங்க, முடி வெட்டறது, கேக், காபி, வருஷ டாக்ஸ் ஃபைலிங், வீட்டு க்ளீனிங், கார் ரிப்பேர், போட்டோகிராஃபர், டிஷர்ட் பிரிண்டிங். ரெண்டு மூணு போதும், ஆனா அதை நிரந்தரமா மாத்துங்க.

படி 2: நல்ல வாடிக்கையாளரா இருங்க

டெலிவரி ஆப் வழியா வாங்கினா கடைக்காரங்க கமிஷன் மட்டும் 15லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் குடுக்குறாங்க, 40 டாலர் சாப்பாட்டுல 12 டாலர் வரைக்கும் ஆப்காரனுக்குப் போகுது. ஃபோன் பண்ணி ஆர்டர் போட்டு நீங்களே போய் எடுத்துக்கோங்க.

ரிவ்யூ எழுதுங்க, ஆனா நிஜமா வாங்கின பிறகு. "எல்லாரும் இந்தக் கடைக்கு 5 ஸ்டார் போடுங்க"ன்னு குரூப்ல சொல்லி ஒரே நாள்ல 40 ரிவ்யூ போட்டா கூகுளுக்கு அது போலி மாதிரி தெரியும், மொத்தமா தூக்கிடலாம், கடைக்காரங்களுக்குத்தான் கெட்ட பேர். என்ன வாங்கினீங்க, எப்படி இருந்துச்சு, பார்க்கிங் எங்க, வெஜிடேரியன் என்ன கிடைக்கும், இதை எழுதினாலே அடுத்த நம்மாளு தைரியமா போவாரு. வெஜிடேரியன் விவரம் ரொம்ப முக்கியம்ங்க, கொலார்ட் கீரைல பன்றிக்கறி போட்டு சமைக்கற வழக்கம் தெற்குல நிறைய உண்டு, பீன்ஸ்லயும் இருக்கும், அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் சங்கடம் இல்ல.

பேரம் பேசாதீங்க. "சப்போர்ட் பண்ண வந்திருக்கோம், கொஞ்சம் கம்மி பண்ணுங்க"ன்னு கேக்குறதை என் காதாலயே கேட்டிருக்கேன், மனசு ஆறல.

படி 3: சங்கத்து ஆர்டர், ஆஃபீஸ் ஆர்டர்

நம்ம கையில இருக்குற பெரிய பலம் இதுதான். தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, அப்பார்ட்மென்ட் தீபாவளி, இதுல ஒரு விழாவுக்கு கேக், டீஷர்ட், சவுண்ட் சிஸ்டம், போட்டோ, நாற்காலி வாடகைன்னு பல ஆயிரம் டாலர் போகுது. சாப்பாடு நம்ம சாப்பாடுதான் வேணும்னா சரி, மத்ததை மாத்தலாமே.

ஆனா நம்ம சங்கங்கள்ல ஒரு வழக்கம் இருக்கு, "ஃபங்ஷன் முடியட்டும், பில் குடுங்க, ட்ரெஷரர் செக் அனுப்புவாரு." அந்த ட்ரெஷரர் வாலன்டியர், அவருக்கும் வேலை, குடும்பம், செக் போகறதுக்கு ஒரு மாசம் ஆகும். பெரிய கேட்டரிங் கம்பெனிக்கு இது தூசி. ஒரே ஒருத்தர் நடத்துற பேக்கரிக்கு என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். 150 பேருக்கு முட்டை இல்லாத கேக், பீஸ் 4 டாலர், மொத்தம் 600 டாலர். வெண்ணெய், மாவு, க்ரீம், பெட்டி எல்லாம் சேர்த்து 200 டாலர் கைக்காசு முதல்லயே போகணும், அந்த வார இறுதில வேற ஆர்டர் எடுக்க முடியாது, வாடகைக்கு எடுத்த கிச்சனுக்கு மணிக்கணக்குல காசு. 600 டாலர் ஒரு மாசம் கழிச்சு வந்தா அந்த மாசம் கிரெடிட் கார்டுல ஓடும், வட்டி வருஷத்துக்கு 25 சதவீதம் பக்கம். நாம குடுத்த ஆர்டரே அவங்களுக்குக் கடனாயிடும்.

அதனால கமிட்டி மீட்டிங்ல இதை முடிவா எழுதி வைங்க: சின்னக் கடைன்னா பாதி அட்வான்ஸ், மீதி டெலிவரி அன்னைக்கே. கார்டு மிஷின்ல 3 சதவீதம் பக்கம் போகும், செக்காவோ பேங்க் ட்ரான்ஸ்ஃபராவோ குடுத்தா அது மிச்சம். இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் ஹாலுக்கு வேணுமான்னு முன்னாடியே கேட்டுச் சொல்லுங்க, கடைசி வாரத்துல சொன்னா அவங்க எங்க போவாங்க. தலைக்கணக்கு மாறும்னா எந்தத் தேதி வரைக்கும் மாத்தலாம்னு அவங்களையே கேளுங்க. முதல் ஆர்டர் சின்னதா வைங்க, 30 பேர் மீட்டிங்குக்கு, ரெண்டு பக்கமும் பழகட்டும். முட்டை இல்லாம, ஜெலட்டின் இல்லாமன்னா என்னன்னு தெளிவா எழுதிக் குடுங்க, அதுக்கு ட்ரையல் பண்ற செலவையும் நீங்க குடுங்க. அப்படி ஒரு கேக் நல்லா அமைஞ்சுட்டா இந்த ஊர்ல எக்லெஸ் பிறந்தநாள் கேக் தேடற நம்ம குடும்பங்கள் எத்தனை, அத்தனையும் அந்தக் கடைக்குப் புது வாடிக்கை.

ஆஃபீஸ்ல வேலை பாக்குறவங்க டீம் லன்ச் ஆர்டரை மாத்தலாம், மேனேஜரா இருந்தா புது வெண்டர் பதிவு பண்ற ஃபார்மை நிரப்ப அவங்களுக்கு உதவலாம். பெரிய கம்பெனிகள்ல பேமென்ட் 60 நாள், 90 நாள்னு இருக்கும், சின்ன வெண்டருக்கு சீக்கிரம் குடுக்க வழி இருக்கான்னு அக்கவுண்ட்ஸ்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, பல இடத்துல இருக்கும், கேட்டாத்தான் கிடைக்கும்.

படி 4: நேரம் குடுக்கணும்னா சரியான கதவு வழியா போங்க

"சனிக்கிழமை கடைக்குப் போய் சும்மா வேலை செஞ்சு குடுக்கறேன்"னு நல்ல மனசோட கிளம்பறவங்க இதைக் கட்டாயம் படிங்க. லாப நோக்குல நடக்குற தனியார் கடைல வாலன்டியரா வேலை செய்யறதை அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் ஏத்துக்கறதில்ல. கல்லாப்பெட்டில நிக்கறது, பாத்திரம் கழுவறது எல்லாம் வேலைதான், அதுக்கு குறைஞ்சபட்ச கூலி குடுக்கணும், குடுக்கலன்னா மாட்டறது நீங்க இல்ல, அந்தக் கடைக்காரர். எச்1பி, எச்4, எஃப்1 விசால இருக்கறவங்களுக்கு இன்னும் ஆபத்து, அது அனுமதி இல்லாம வேலை பாத்த கணக்குல வந்துடலாம். லாப நோக்கில்லாத அமைப்புல, எப்பவுமே சம்பளம் இல்லாத வாலன்டியர் இடத்துல சேவை செய்யறது வேற விஷயம், அது பொதுவா பிரச்சனை இல்ல. சந்தேகம்னா உங்க வக்கீலையோ காலேஜ் இன்டர்நேஷனல் ஆஃபீஸையோ கேட்டுட்டு இறங்குங்க.

அந்த மாதிரி கதவுகள்ல ரெண்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒண்ணு வீட்டா (VITA). அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் ட்ரெயினிங் குடுத்து, வருமானம் குறைவா இருக்கறவங்களுக்கு இலவசமா டாக்ஸ் ஃபைல் பண்ணித் தர்ற திட்டம், 1969லேர்ந்து நடக்குது. ஜனவரி கடைசிலேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் சீசன், ட்ரெயினிங் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும், ஆன்லைன்ல படிச்சுப் பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கணும். டாக்ஸ் தெரியாதவங்க ஆளை வரவேற்கறது, பேப்பர் சரிபாக்கறது, மொழிபெயர்க்கறதுன்னும் சேரலாம். இது கடைக்காரங்களுக்கு எப்படி உதவும்னா, தனி ஆளா தொழில் பண்றவங்க வரவு செலவு காட்டற ஷெட்யூல் சி ஃபார்ம் வீட்டா எல்லைக்குள்ள வரும், செலவு 35,000 டாலருக்குள்ள இருக்கணும், நஷ்டம் காட்டக்கூடாது, சம்பளத்துக்கு ஆள் இருக்கக்கூடாது, சரக்கு ஸ்டாக் இருக்கக்கூடாது. முடி பின்னுறவங்க, வீடு சுத்தம் பண்றவங்க, டிரைவர்கள், வார இறுதில போட்டோ எடுக்கறவங்க, இவங்கதான் அதிகம் வருவாங்க.

மேஜைல என்ன நடக்கும்னு சொல்றேன். ஒரு அம்மா முடி பின்னுற தொழில் பண்றாங்கன்னு வைங்க. கையில ஃபோன், அதுல பணம் அனுப்பற கேஷ் ஆப். வருஷம் முழுக்க வந்த பணம் எல்லாம் அதுலதான், வாடிக்கையாளர் குடுத்தது, தங்கச்சி அனுப்பினது, வாடகைப் பங்குன்னு கூட இருக்கறவங்க குடுத்தது, எல்லாம் ஒரே வரிசைல கலந்து கிடக்கும். சும்மா மொத்தத்தையும் வருமானம்னு போட்டா அவங்க இல்லாத பணத்துக்கு வரி கட்டுவாங்க. ஒவ்வொரு வரியா "இது யாரு, இது எதுக்கு"ன்னு பொறுமையா உக்காந்து பிரிக்கணும். செயற்கை முடி வாங்கின பில், சலூன்ல நாற்காலி வாடகை, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போன மைலேஜ், இதெல்லாம் செலவுல வரும்னு பல பேருக்குத் தெரியாது. பிரிச்சு முடிச்சதும் அடுத்த வருஷத்துக்கு தொழிலுக்குன்னு தனி அக்கவுண்ட் ஒண்ணு திறக்கச் சொல்லிடுங்க. அந்த வருமானம் பேப்பர்ல ஒழுங்கா வந்தாத்தான் நாளைக்கு கடன் கேக்கப் போனா பேங்க்ல மதிப்பாங்க. ஒரு டாக்ஸ் ரிட்டர்ன்ல இவ்வளவு அடங்கியிருக்கு.

இன்னொண்ணு ஸ்கோர் (SCORE). 1964ல ஆரம்பிச்ச அமைப்பு, சின்னத் தொழில்களுக்கான அரசாங்கத் துறை எஸ்பிஏ கூட சேர்ந்து வேலை செய்யுது, அனுபவசாலிகள் சின்னத் தொழில் பண்றவங்களுக்கு இலவசமா வழிகாட்டுறாங்க. நம்மள்ல ஐடி, ஃபைனான்ஸ், சப்ளை செயின், மார்க்கெட்டிங்ல இருபது வருஷம் போட்டவங்க எத்தனை பேர், அவங்கல்லாம் மென்டரா விண்ணப்பிக்கலாம். ரிட்டயர் ஆனவங்கதான் சேரணும்னு நினைச்சுக்காதீங்க, வேலைல இருக்கறவங்களும் இருக்காங்க. ஸ்கோர் எல்லாருக்கும் பொதுவானது, அதனால டர்ஹம் கறுப்பின வட்டாரத்துல, சர்ச்லயோ லைப்ரரிலயோ நடக்குற வகுப்புகளுக்கு வர்றேன்னு நீங்களா சொல்லிக் கேட்டு வாங்கிக்கணும்.

படி 5: திறமையக் குடுக்கும்போது சாவி அவங்க கையிலயே இருக்கட்டும்

இது ஐடிக்காரங்களுக்கு. ஒரு கடைக்கு வெப்சைட் பண்ணிக் குடுக்கறதுன்னு முடிவாச்சு, ஸ்கோர் மாதிரி ஒரு அமைப்பு மூலமாவோ தனிப்பட்ட நட்புலயோ. வழக்கமா என்ன நடக்கும், வாலன்டியர் தன்னோட ஈமெயில்ல டொமைன் வாங்குவாரு, தன்னோட கார்டுல கட்டுவாரு, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்கு ஓனரா தன்னையே போட்டுக்குவாரு, ஏன்னா அந்த நேரத்துல அதுதான் சுலபம். ரெண்டு வருஷம் கழிச்சு அவருக்கு டெக்சஸ்ல வேலை கிடைச்சு போயிடுவாரு, பழைய ஈமெயில் பாக்க மாட்டாரு, டொமைன் காலாவதி ஆயிடும், வேற எவனோ அந்தப் பேரை வாங்கிட்டு விலை சொல்லுவான். கடை நேரத்தை மாத்தக்கூட கடைக்காரரால முடியாது. உதவி செஞ்ச கையாலயே கடையோட பேரைப் பூட்டி வெச்ச மாதிரி ஆயிடுது.

அதனால முதல் நாளே கடைக்காரரோட ஈமெயில், கடைக்காரரோட கார்டு, கடைக்காரரோட ஃபோனுக்கு ஓடிபி. உங்களுக்கு மேனேஜர் அனுமதி மட்டும் போதும். அவங்க பக்கத்துல உக்காந்து அவங்க கையாலயே செய்ய வைங்க, உங்களுக்கு பத்து நிமிஷ வேலை ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

வெப்சைட்டே தேவையான்னும் கேளுங்க. நாம நமக்குத் தெரிஞ்சதைத்தான் உதவின்னு நினைக்கறோம், ரியாக்ட் தெரிஞ்சா ரியாக்ட்ல சைட். அவங்களுக்கு வேணுங்கறது கூகுள் மேப்ஸ்ல சரியான ஃபோன் நம்பரும் மெனு போட்டோவும், இல்லன்னா ஒரு ப்ளேட் சாப்பாட்டுக்கு நிஜமா எவ்வளவு செலவாகுதுன்னு ஒரு கணக்கா இருக்கலாம். "இப்ப எந்த வேலை உங்களைப் படுத்துது?"ன்னு கேட்டுட்டு வாய மூடிட்டு கேளுங்க. அவங்க பேங்க் கணக்கு, கடன், வாடகை எல்லாம் உங்க காதுல விழும், அது வீட்டு டின்னர்ல பேசற விஷயம் இல்ல.

படி 6: பணம், நாலு வழி

செலவே இல்லாத வழிய முதல்ல சொல்றேன். சும்மா சேவிங்ஸ்ல கிடக்குற பணத்துல ஒரு பகுதிய எம் அண்ட் எஃப் பேங்க்லயோ, டர்ஹம்ல இருக்குற செல்ஃப்-ஹெல்ப் கிரெடிட் யூனியன்லயோ டெபாசிட் போடுங்க. செல்ஃப்-ஹெல்ப் ஆரம்பிச்சப்ப அதோட முதலீடே ஒரு கேக் விற்பனைல வந்த 77 டாலர்தான்னு அவங்களே சொல்லுவாங்க, இன்னைக்கு சின்னத் தொழிலுக்கும் வீட்டுக்கும் பெரிய அளவுல கடன் குடுக்குது. பேங்க்ல எஃப்டிஐசி, கிரெடிட் யூனியன்ல என்சியூஏ, ரெண்டுலயும் 2,50,000 டாலர் வரைக்கும் காப்பீடு உண்டு. உங்க பணம் உங்களுதாவே இருக்கு, அதை வெச்சு அவங்க உள்ளூர்ல கடன் குடுக்கறாங்க. 2021ல கடன் கேட்ட கறுப்பின நிறுவனங்கள்ல கேட்ட தொகை முழுசா கிடைச்சவங்க விகிதம் வெள்ளையர் நிறுவனங்களோடதுல பாதிகூட இல்லன்னு ஃபெடரல் ரிசர்வ் சர்வே சொல்லுது, அதனால கடன் குடுக்கற இடத்தைப் பலப்படுத்தறது நேரடியா நோய்க்கே மருந்து.

ரெண்டாவது கீவா (Kiva), ஆன்லைன்ல பல பேர் சேர்ந்து கடன் குடுக்கற தளம். அமெரிக்கால தொழில் பண்றவங்களுக்கு 15,000 டாலர் வரைக்கும் வட்டியில்லாக் கடன், நாம 25 டாலர்லேர்ந்து போடலாம், திரும்பி வந்தா மறுபடி வேற ஒருத்தருக்குப் போடலாம். திரும்பி வராமலும் போகலாம், அதுக்கு மனசு தயாரா இருக்கணும். இதுல பல பேருக்குத் தெரியாத விஷயம், கடன் கேக்கறவங்க பொதுவுல வர்றதுக்கு முன்னாடி 15 நாளுக்குள்ள தனக்குத் தெரிஞ்ச வட்டத்துலேர்ந்து குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்களைப் போட வைக்கணும். பணம் இருக்கற சொந்தக்காரங்க குறைவா இருக்கறவங்க அங்கயே சறுக்குவாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கடைக்காரர் கீவால விண்ணப்பிச்சா அந்த 15 நாள்ல நீங்க பத்து வீட்டுல சொல்லி ஆளுக்கு 25 டாலர் போட வைங்க, பிற்பாடு 500 டாலர் போடறதை விட இது பெருசு. கடன்ங்கறதால இதுக்கு வரிவிலக்கு கிடையாது.

மூணாவது நன்கொடை, 501 சி 3 அமைப்புகளுக்கு, அதாவது நன்கொடைக்கு வரிவிலக்கு உள்ள லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கு. கடைக்காரங்களுக்குப் பயிற்சி, சின்னக் கடன், இடம் குடுக்கற அமைப்பாப் பாத்து குடுங்க. ஐஆர்எஸ் சைட்ல அமைப்போட பேரைத் தேடி உறுதி பண்ணிக்கோங்க, 250 டாலரோ அதுக்கு மேலயோன்னா வரிவிலக்குக்கு எழுத்துல ரசீது கட்டாயம். கம்பெனி மேட்சிங், அதாவது நாம குடுக்கறதுக்கு ஈடா கம்பெனியும் போடற வழக்கம், இருக்கான்னு பாருங்க, நம்ம ஆளுங்க பாதிப் பேர் அந்தப் பணத்தை வருஷா வருஷம் விட்டுடறாங்க. வாலன்டியர் பண்ற மணிக்கும் சில கம்பெனி காசு குடுக்கும், வீட்டாவுல போட்ட மணியக்கூடப் பதிவு பண்ணலாம். நம்ம நேரத்துக்கு வரிவிலக்கு இல்ல, ஆனா ஐட்டமைஸ் பண்றவங்க, அதாவது வரில கழிவுகளை ஒவ்வொண்ணா எழுதிக் காட்டறவங்க, வாலன்டியரா கார் ஓட்டின மைலுக்கு 14 சென்ட் கழிச்சுக்கலாம். 2026லேர்ந்து ஐட்டமைஸ் பண்ணாதவங்களும் ரொக்க நன்கொடைல 1000 டாலர், கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் பண்ணா 2000 டாலர் வரைக்கும் கழிக்கலாம்.

நாலாவது, நேரா ஒரு கடைக்குக் குடுக்கறது. தீப்பிடிச்சுச்சு, வெள்ளம் வந்துச்சு, கோஃபண்ட்மீ தளத்துல உதவி கேட்டுப் போட்டிருக்காங்கன்னா தாராளமா குடுங்க, வரிவிலக்கு கிடைக்காது, அவ்வளவுதான். ஆனா உங்க ஜெல் (Zelle) அக்கவுண்ட்ல ஊர்ப் பணத்தை வசூல் பண்ணாதீங்க. எவ்வளவு நேர்மையா இருந்தாலும் நாலு பேர் கேள்வி கேப்பாங்க.

படி 7: நாமளே ஒரு நிதி ஆரம்பிக்கலாமா?

ஆர்வம் மிகுந்து சில குரூப்ல இது வரும், "ஆளுக்கு 100 டாலர் போட்டு வருஷம் ஒரு கறுப்பினக் கடைக்கு 5000 டாலர் கிராண்ட் குடுப்போம்." பண்றதுக்கு முன்னாடி அட்லாண்டாவுல நடந்ததைத் தெரிஞ்சுக்கோங்க. ஃபியர்லெஸ் ஃபண்ட்னு கறுப்பினப் பெண்கள் நடத்தின நிதி நிறுவனம், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்குன்னு 20,000 டாலர் கிராண்ட் போட்டி வெச்சாங்க. இனத்தை வெச்சு சலுகை குடுக்கக்கூடாதுன்னு ஒரு அமைப்பு 2023ல அவங்க மேல கேஸ் போட்டுச்சு, 2024 ஜூன்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் போட்டி சட்டவிரோதமா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லி நிறுத்தி வெச்சுது, செப்டம்பர்ல சமரசமாகி போட்டியவே மூடினாங்க. இதுல மனசு வலிக்கறது என்னன்னா, கேஸுக்கு எடுத்த சட்டம் 1866 சிவில் ரைட்ஸ் ஆக்ட், விடுதலையான அடிமைகளுக்கு ஒப்பந்தம் போட்டு வியாபாரம் பண்ற உரிமைய உறுதி பண்ணக் கொண்டு வந்தது.

அந்தக் கோர்ட் தீர்ப்பு நம்ம மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, இருந்தாலும் விண்ணப்பம் வாங்கி இனத்தை நிபந்தனையா வெச்சு பணம் குடுக்கற வேலைய வக்கீல் இல்லாம தொடாதீங்க. ஃபயெட்வில் ஸ்ட்ரீட் வட்டாரத்துக் கடைகளுக்கு, இத்தனை டாலருக்குக் கீழ வருமானம் இருக்கற கடைகளுக்குன்னு இடத்தையும் அளவையும் வெச்சு விதி எழுதலாம், இல்லன்னா ஏற்கனவே வேலை தெரிஞ்சு நடத்தற உள்ளூர் அமைப்புக்கே அந்தப் பணத்தைக் குடுத்துடலாம். என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான். 5000 டாலர் நிதிக்கு கமிட்டி, தலைவர், லோகோ, பேனர் எல்லாம் வேண்டாம்.

படி 8: ஏதாவது சரியா வரலன்னா

கேக் லேட்டா வரும், டீஷர்ட்ல எழுத்து மாறிடும், எல்லாக் கடைலயும் நடக்கறதுதான். உடனே குரூப்ல "அவங்க இப்படித்தான்"னு ஒரு குரல் வரும். அந்த இடத்துல சும்மா இருக்காதீங்க, நம்மூர் கேட்டரர் சாம்பார் தீர்ந்து போய் கையப் பிசைஞ்சப்ப யாரும் ஒரு இனத்தையே பேசலைன்னு வாய் திறந்து சொல்லுங்க. பிரச்சனைய கடைக்காரர்கிட்ட நேர்ல, தனியா சொல்லுங்க, சரி பண்ண வாய்ப்பு குடுங்க. ரெண்டு தடவையும் சரியா வரலன்னா வேற கறுப்பினக் கடைக்கு மாறுங்க, பட்டியல்ல இன்னும் பேர் இருக்குமே.

இப்பவே காலெண்டர்ல போட்டுக்க வேண்டியது: ஆகஸ்ட் தேசிய கறுப்பின வணிக மாதம், அப்ப கூட்டம் தானா வரும், நீங்க பிப்ரவரிலயும் செப்டம்பர்லயும் போங்க, வியாபாரம் படுத்துக் கிடக்கற மாசத்துல வர்ற ஆர்டருக்குத்தான் மதிப்பு. வீட்டாவுக்கு அக்டோபர்லயே பேர் குடுத்துடுங்க. பொங்கல் விழா கேக்குக்கும் டீஷர்ட்டுக்கும் நவம்பர் முதல் வாரத்துக்குள்ள ஆர்டர் போட்டு அட்வான்ஸ் அனுப்பிடுங்க, டிசம்பர்ல அவங்களுக்கு கிறிஸ்துமஸ் வேலை தலைக்கு மேல இருக்கும்.